முதல் எடை

பிரபுதாஸ் கீழே விழவில்லை. விழுந்திருந்தால் மார்க்கெட் யார்டில் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள்; கமிஷன் கடைக் குமாஸ்தாவாவது எட்டிப் பார்த்திருப்பான். முதுகில் மிளகாய் மூட்டையோடு நடந்தவன் பாதி வழியில் அப்படியே மெதுவாகக் குந்தினான். மூட்டை அவன் தலைக்கு மேலாக உருண்டு முன்னால் போய் விழுந்தது.

"ஏண்டா, நடுவழியில உக்காந்து முட்டை போடுறியா?" என்றான் பின்னால் வந்தவன்.

பிரபுதாஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் சொல்பேச்சைக் கேட்கவில்லை.

சங்கராந்திக்கு முந்தின மாதம் அது. குண்டூர்ப் பக்கம் புதுக் காய் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஏசியிலிருந்து வரும் பழைய சரக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்க் கிடங்கை நாங்கள் ஏசி என்றுதான் சொல்வோம். ஏசி மூட்டை குளிரைக் குடித்துவிட்டுப் பிணம் மாதிரி கனக்கும். காலையிலிருந்து அதைத்தான் தூக்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவன் பெண்டாட்டிக்கு அடித்தார்.

சுவார்த்தா அப்போது கல்லூரியில் தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேட்டையில் எம்.எஸ்ஸி. படித்த ஒரே மருமகள் அவள்தான். பாடம் புள்ளியியல். வேலை கெஸ்ட் லெக்சரர். வகுப்பு எடுத்தால் கூலி, லீவு விட்டால் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பிப்பார்கள். "என் மகன் தினக்கூலி, மருமக வருஷக்கூலி" என்று அவள் மாமியார் மாணிக்கம்மா சர்ச் வாசலில் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைய தாள் மார்க்குக்கான பரீட்சை இல்லை. யூனிவர்சிட்டியில் புதுசாக ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். முதல் வருஷம் இரண்டாம் பருவத்தில் புள்ளியியல் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் முன்னால் ஒரு தாள், முப்பது கேள்வி. பாடம் முடிந்த பிறகு அதே தாள், அதே முப்பது. இரண்டாவதில் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவுதான் வாத்தியார் கற்றுக்கொடுத்தது. கெஸ்ட் ஆட்களைப் புதுப்பிக்கும்போது இந்த ஏற்றத்தைத்தான் பார்ப்பார்கள் என்று துறைத் தலைவர் ஆஞ்சநேயுலு சார் அவளிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மார்க் இல்ல. பாஸ் பெயில் இல்ல. தெரியலைன்னா விட்டுடுங்க" என்று சொல்லித் தாளைக் கொடுத்தாள். கொடுத்து முடிக்கவில்லை, போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தாள். மேஸ்திரி சொன்னது முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆஸ்பத்திரி எது, யார் கூட இருக்கிறார்கள், கால் அசைகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாமியாருக்கு அடித்தாள். மாமியார் எடுக்கவில்லை. மிளகாய்க் காம்பு கிள்ளும் கொட்டகையில் யார் போனை மடியில் வைத்திருப்பார்கள்? மறுபடி அடித்தாள்.

அவள் உள்ளே போனபோது பிள்ளைகள் எழுதி முடித்துக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு அமைதியாக எந்த வகுப்பும் என்றைக்கும் இருந்ததில்லை. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. தாள்களை வாரி ஆஞ்சநேயுலு சார் மேஜையில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். மார்க் போட்டதும் கம்ப்யூட்டரில் ஏற்றி யூனிவர்சிட்டிக்கு அனுப்பியதும் அவர்தான். முப்பதுக்குச் சராசரி பத்தொன்பது. "நம்ம பிள்ளைங்கதான் டாப்" என்று ஆபீஸுக்கு பூதரேகுலு ஸ்வீட் வாங்கி வந்து கொடுத்தாராம். சுவார்த்தா அப்போது ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துக் கிடந்தாள்.

முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது என்றார்கள். நடக்கலாம், மெதுவாக. தூக்கக் கூடாது, இனி எப்போதும். மூட்டை தூக்குகிறவனுக்கு இனி எதையும் தூக்காதே என்று ஒரு டாக்டர் சொல்வது எவ்வளவு சுலபம்! பிரபுதாஸ் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தான். வீட்டில் உலை வைப்பது இப்போது இரண்டு பெண்களின் கூலியில். அதிலும் மாணிக்கம்மாவின் கூலி கொட்டகைக்கு மூட்டை வந்தால்தான்.

அந்தப் பருவம் முழுக்க சுவார்த்தா வகுப்பெடுத்தாள். தையும் மாசியும் பங்குனியும் எங்கள் பக்கம் மிளகாய்க் காலம். காடெல்லாம் சிவப்பாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் விடியலில் பறிக்கப் போய்விட்டு ஒன்பதரைக்குக் கல்லூரிக்கு வருவார்கள். கையில் எரிச்சல். மோரில் கை கழுவி, விளக்கெண்ணெய் தேய்த்து, அந்தக் கையால் நோட்டுப் புரட்டினால் ஒவ்வொரு பக்கமும் எண்ணெய்த் திட்டு. வகுப்பில் ஒருத்தர் தும்மினால் வரிசையாக எல்லோரும் தும்முவார்கள்.

புத்தகம் இங்கிலீஷ். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு வாயால் சொன்னாள். சராசரி ஒன்றாக இருக்கலாம், ஆனால் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று பார்க்க வேண்டும், அதற்குப் பெயர் பரவல் என்றாள். "புரிஞ்சவங்க ஒரு உதாரணம் சொல்லுங்க."

திருப்பதம்மா எழுந்தாள். ஒல்லியான பெண், எதற்கும் முந்தி எழுகிறவள். "எங்க நைனா சராசரியா நல்லவரு மேடம். கூலி குடுக்கிற சனிக்கிழமை மட்டும் பரவல் ஜாஸ்தி."

வகுப்பே சிரித்தது. சுவார்த்தாவும் சிரித்தாள். பின் பெஞ்சில் நாகுல்மீரா மட்டும், "மேடம், இது பரீட்சையில வருமா?" என்றான். அவன் எதற்கும் அதைத்தான் கேட்பான்.

"வந்தா எழுது. வரலைன்னா வச்சுக்க."

"பக்கத்துல பார்த்து எழுதினா?"

"பார்த்து எழுதுன சரி எனக்கு வேணாம்டா. நீயா யோசிச்சுத் தப்பா எழுது. எங்க தப்புன்னு நான் கண்டுபிடிக்கலாம். பார்த்து எழுதினதுல நான் யாரைக் கண்டுபிடிக்கிறது?"

இதை அவள் ஒரு நாள் மட்டும் சொல்லவில்லை, எல்லா நாளும் சொன்னாள். வகுப்புத் தேர்வில் காப்பி அடித்தவன் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தப்பாக யோசித்தவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் அதற்குப் பழகினார்கள். விடைக்குப் பக்கத்தில் ஏன் என்று தெலுங்கில் கிறுக்கி வைக்கப் பழகினார்கள்.

சித்திரை வெயிலில் இரண்டாவது தாள் வந்தது. மின்விசிறி சுற்றவில்லை. கடைசிப் பறி நடக்கிற நேரம், பலருக்குக் கண் சிவந்திருந்தது. ஒருத்தரும் தலை திருப்பவில்லை. ஒருத்தரும் போனைத் தொடவில்லை. அவரவர் தாளில் அவரவர் குனிந்து எழுதினார்கள். சுவார்த்தா வாசலில் நின்று பார்த்தாள். பூரித்துப்போனாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்: "பாவா, இன்னைக்கு என் பிள்ளைங்க பரீட்சை எழுதினதப் பார்த்திருக்கணும் நீ. சர்ச்சுல ஜெபத்துக்குக் குனிஞ்ச மாதிரி இருந்தாங்க."

சராசரி பதின்மூன்று.

ஆஞ்சநேயுலு சார் அவளைக் கூப்பிட்டபோது உட்காரச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாரும்மா. பத்தொம்போதுல ஆரம்பிச்சு பதிமூணுல முடிச்சிருக்க. யூனிவர்சிட்டி பூரா எல்லா காலேஜும் ஏறியிருக்கு. நீ ஒருத்திதான் இறங்கியிருக்க. நாலு மாசம் நீ பாடம் எடுத்து, பிள்ளைங்க தெரிஞ்சதையும் மறந்துட்டாங்கன்னு அர்த்தம். இப்படி ஒரு வாத்தியாரை நான் கேள்விப்பட்டதே இல்ல."

"சார், அந்த பத்தொம்போது..."

"அந்த பத்தொம்போதுதான் ஏத்தி அனுப்பியாச்சே! ஸ்வீட்டும் சாப்பிட்டாச்சு!"

"புள்ளியியல் தெரியாத பிள்ளைங்க முப்பதுக்கு பத்தொம்போது எப்படி சார் வாங்குவாங்க? நீங்களாவது யோசிச்சிருக்கலாம்."

"நான் கணக்கு வாத்தியார். எனக்கு மேல யோசிக்க ஆள் இல்லைன்னு இந்த நாற்காலியில உக்கார வச்சிருக்காங்க. நீ ரூம்ல இருந்தியா இல்லையா அன்னைக்கு?"

"அந்த முதல் தாளைக் காட்டுங்க சார்" என்றாள் அவள்.

"வராந்தாவுல நின்னத பியூன் பார்த்திருக்கான். நான் கேக்கல. கமிட்டி கேக்கும்."

அலமாரியிலிருந்து முதல் தாள்கட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்றபடி புரட்டினாள். சுத்தமான தாள்கள். ஒரு கிறுக்கல் கிடையாது, ஒரு அடித்தல் கிடையாது. பதினேழாவது கேள்விக்கு வந்தபோது கை நின்றது. ஒரு ஊரின் மழையளவு பற்றிய கேள்வி அது. வகுப்பு முழுக்க ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தது: சராசரி மழை பூஜ்யத்துக்குக் கீழே. எந்தக் கிறுக்கனும் யோசித்து அந்தக் கட்டத்துக்கு வர முடியாது. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எல்லாவற்றிலும் மழை தரையிலிருந்து வானத்துக்குப் பெய்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மாணிக்கம்மா கொட்டகையிலிருந்து வந்து வாசலில் வைத்தே புடவையை உதறினாள். உதறாமல் உள்ளே வந்தால் வீடு முழுக்க இருமும். தொட்டியில் கை கழுவி, சட்டியில் இருந்த மோரை இரண்டு கையிலும் ஊற்றித் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோறும் கோங்குரா பச்சடியும் இருந்தன. யாரும் தட்டு எடுக்கவில்லை.

"என்னம்மா, யாரு செத்துட்டாங்க?"

சுவார்த்தா சொன்னாள். மாணிக்கம்மாவுக்குப் பாதிதான் பிடிபட்டது.

"இரு. முதல்ல எழுதுனப்ப ஒண்ணும் தெரியாது. ஆனா நெறைய வாங்குனாங்க. அப்புறம் நீ சொல்லிக் குடுத்த. சொல்லிக் குடுத்தப்புறம் கொறைச்சலா வாங்குனாங்க."

"ஆமா அத்த."

"அப்ப நீ என்னத்தடி சொல்லிக் குடுத்த?"

கட்டிலிலிருந்து பிரபுதாஸ் சிரித்தான். சிரித்தால் முதுகு வலிக்கும். பாதியில் நிறுத்தி முனகினான். "அம்மா, தண்ணி தெளிச்ச மூட்டைமா. முதல் எடையில தண்ணி இருந்துச்சு. காஞ்சப்புறம் போட்டதுதான் சரக்கு. இறங்கத்தான் செய்யும்."

"அதை அவங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலாம்" என்றாள் சுவார்த்தா. "தண்ணி தெளிச்சது யாருன்னு கேப்பாங்க."

"பிள்ளைங்கன்னு சொல்லு" என்றான் பிரபுதாஸ்.

"சொன்னா?"

"சொன்னா அவங்க பாடு. உனக்கா பொறந்தாங்க? நாலு திட்டு திட்டி விடுவாங்க."

"திட்டி விட மாட்டாங்க பாவா. யூனிவர்சிட்டி முத்திரை போட்ட தாள். காப்பின்னு எழுத்துல போச்சுன்னா எக்ஸாம் பிராஞ்சுக்குப் போயிடும். இந்தப் பருவத்து ரிசல்ட்டையே நிறுத்தி வப்பாங்க. ரிசல்ட் நின்னா ஸ்காலர்ஷிப் நிக்கும். திருப்பதம்மாவோட நைனா ஒரு பேப்பர் போனாலும் கல்யாணம் பண்ணி அனுப்பிடுவேன்னு உக்காந்திருக்காரு."

"என் இடுப்பு போயிருச்சு. உன் வேலையும் போகணுமா? திருப்பதம்மா கல்யாணத்துக்கு நம்ம வீட்டு அடுப்பத்தான் அணைக்கணுமா?"

"கத்தாதடா, முதுகு பிடிச்சுக்கும்" என்றாள் மாணிக்கம்மா. பிறகு மருமகளிடம், "சொன்னா உன் வேல நிக்குமா?"

"தெரியாது அத்த. எங்க வகுப்பை மட்டும் கணக்குல இருந்து எடுத்துட்டா நிக்கலாம். நீ ஏன் ரூமுக்கு வெளிய இருந்தன்னு கேட்டா நிக்காமலும் போகலாம்."

"எனக்காகத்தான வெளிய நின்ன" என்றான் பிரபுதாஸ், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து. திரும்புவதற்கு அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. இரண்டு பெண்களும் உதவப் போகவில்லை. உதவினால் கத்துவான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்தபோது வீட்டு வாசலில் திருப்பதம்மாவும் நாகுல்மீராவும் நின்றார்கள். அவன் கையில் ஒரு பை நிறைய மாம்பிஞ்சு. உள்ளே வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில் காலடியில் வைத்தான்.

"விஷயம் தெரிஞ்சுது மேடம்" என்றாள் திருப்பதம்மா. "பியூன் சொன்னாரு."

"எங்கேருந்துடா வந்துச்சு விடை?"

நாகுல்மீரா தலையைச் சொறிந்தான். "பக்கத்து ஊர் காலேஜுல எங்க பெரியம்மா மகன் படிக்கிறான் மேடம். அங்க முந்தின நாளே இதே தாள் வச்சிருக்காங்க. யாரோ சீனியர் விடை போட்டு போட்டோ எடுத்தான். எனக்கு அனுப்புனான். நீங்க போன் பேச வெளிய போனீங்க. நான் எந்திரிச்சு வாசிச்சேன்."

"அந்த மழைக் கேள்வி?"

"போட்டோ கலங்கலா இருந்துச்சு மேடம். எது டிக்குன்னு தெரியல. குத்துமதிப்பா வாசிச்சேன்."

"ஒருத்தருக்குக் கூடவா தோணல, மழை எப்படி பூஜ்யத்துக்குக் கீழ போகும்னு?"

"அப்ப எங்களுக்கு சராசரின்னா என்னன்னே தெரியாதே மேடம்" என்றாள் திருப்பதம்மா. "நீங்க அப்புறந்தான சொல்லிக் குடுத்தீங்க."

பிரபுதாஸ் கட்டிலிலிருந்து, "மார்க் இல்லைன்னு சொல்லித்தான குடுத்தா? அப்புறம் எதுக்குடா காப்பி?" என்றான்.

"எங்களுக்கு மார்க் இல்லைன்னா மேடத்துக்கு இருக்குன்னுதான அர்த்தம் அண்ணா." நாகுல்மீரா இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி பேசினான். "வெளி ஆள் தாள் கொண்டு வந்தா அது வாத்தியாருக்கு வைக்கிற பரீட்சை. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். இன்ஸ்பெக்டர் வந்தா நல்லாப் படிக்கிறவன முன்னாடி உக்கார வப்பாங்க, மத்தவன் வாயசைக்கணும். இன்ஸ்பெக்டர் போனப்புறம் சார் எல்லாருக்கும் பிஸ்கட் குடுப்பாரு. புது மேடம், கெஸ்ட் மேடம், பேரு போயிடக் கூடாதுன்னுதான் வாசிச்சேன்."

"ரெண்டாவது தடவ ஏன்டா வாசிக்கல? அப்பவாவது காப்பாத்தியிருக்கலாம்ல?" என்றான் பிரபுதாஸ்.

இரண்டு பேரும் சுவார்த்தாவைப் பார்த்தார்கள். திருப்பதம்மாதான் சொன்னாள்: "மேடத்துக்குப் பிடிக்காதுன்னு."

மாணிக்கம்மா அடுப்படியிலிருந்து வந்து மாம்பிஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில், "நல்லாக் காப்பாத்துனீங்கடா பிள்ளைங்களா" என்றாள். கோபமா கேலியா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"நாங்க எழுதிக் குடுக்கறோம் மேடம்" என்றாள் திருப்பதம்மா. "காப்பி அடிச்சோம்னு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு."

"உங்க நைனாகிட்ட சொல்லிட்டியா?"

அவள் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள்.

"சொன்னப்புறம் வா" என்றாள் சுவார்த்தா. "இப்ப கஞ்சி குடிச்சிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

திருப்பதம்மா திரும்பி வரவில்லை. வர மாட்டாள் என்று சுவார்த்தாவுக்குத் தெரியும்.

கமிட்டியிலிருந்து வந்தவர் ராமகோடி என்கிற வயசான புரொஃபசர். கத்திரி வெயில். ஆஞ்சநேயுலு சார் அறையில் ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டியிருந்தார்கள். புரொஃபசர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார், சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார், இரண்டு தாள்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குறட்டை விடுகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆஞ்சநேயுலு சார் நின்றார். சுவார்த்தாவும் நின்றாள்.

முதல் கட்டில் பதினேழாவது கேள்விக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டு முழுக்க அந்த ஒரு கேள்வியை மட்டும் புரட்டினார்.

"எல்லாரும் சரியா எழுதினா, நல்ல வகுப்புன்னு நினைக்கலாம்" என்றார். "எல்லாரும் ஒரே தப்பை எழுத முடியாதும்மா."

அவர் இரண்டாவது கட்டை எடுத்தார். ஒரு தாளில் நின்றார். ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு பென்சிலில் தெலுங்குக் கிறுக்கல். சத்தமாகப் படித்தார்: "மழை கொஞ்சமாப் பெய்யலாம். பெய்யாமலே போகலாம். பெஞ்ச மழை திரும்பி மேல போகாது. அதனால பூஜ்யத்துக்குக் கீழ கிடையாது." படித்துவிட்டுத் தொந்தி குலுங்கச் சிரித்தார். "யாரு இது?"

"திருப்பதம்மான்னு ஒரு பொண்ணு சார்."

"டிக் என்னவோ தப்பான கட்டத்துல போட்டிருக்கா."

"இங்கிலீஷ் வாசகம் அவளுக்குக் குழம்பியிருக்கும் சார்."

"காரணம் சரியாத்தான் இருக்கு." மேலும் நாலைந்து தாள்களின் ஓரங்களைப் படித்தார். சில இடத்தில் தலையாட்டினார், சில இடத்தில் உச்சுக்கொட்டினார். "பிள்ளைங்க யோசிக்கிறாங்க. தப்புத் தப்பா யோசிக்கிறாங்க, ஆனா யோசிக்கிறாங்க. இதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்லையேம்மா. டிக்கைத்தான் எண்ண முடியும்."

"ஆமா சார்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்து மேஜையில் வைத்தார்.

"நான் ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கேட்டா நீங்க சொல்றதை எழுதணும். முதல் தாள் காப்பின்னு நீங்க சொன்னா, இந்த வகுப்பை என் கணக்குல இருந்து எடுத்துடுவேன். உங்க புதுப்பிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லாமப் போயிடும். என்னால அவ்வளவுதான் முடியும். ஆனா காகிதம் என்கிட்ட நிக்காது. எக்ஸாம் பிராஞ்சுக்குப் போகும், பிள்ளைங்க பேரோட. அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. புரியுதா?"

ஆஞ்சநேயுலு சார் அவளைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். சொல்லு என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பிரபுதாஸ் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று, "சொல்லிடு சுவார்த்தா. கும்பிட்டுக் கேக்கறேன்" என்று சொல்லியிருந்தான். அவளும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தாள். ஆட்டோவில் வாக்கியத்தைக்கூடச் சேர்த்து வைத்திருந்தாள்.

வாயைத் திறந்தாள். மேஜையில் திருப்பதம்மாவின் தாள் மேலாக இருந்தது. எண்ணெய்க் கையின் ரேகை அதில் அப்படியே பதிந்திருந்தது.

"முதல் தாள் எப்படி எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

புரொஃபசர் கொஞ்சநேரம் காத்திருந்தார். இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் கேட்கவில்லை. எழுதினார், கையெழுத்துப் போட்டார், மீதி மோரைக் குடித்தார்.

வைகாசியில் யார்டுக்கு லீவு விட்டார்கள். கல்லூரிக்கும் லீவு. லீவு முடிந்து கல்லூரி திறந்தபோது சுவார்த்தாவைக் கூப்பிடவில்லை. ஆஞ்சநேயுலு சார் போனில், "மேல இருந்து வந்த முடிவும்மா" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் பேசினார். மற்ற கல்லூரிகளுக்கு நடந்தாள். யூனிவர்சிட்டிப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக இறக்கம் என்று இருந்தது. பார்த்தவர்கள் டீ கொடுத்து அனுப்பினார்கள். பிரபுதாஸ் அவளோடு பேசாமல் இருந்தான். பிறகு பேசினான். பேசாமல் எத்தனை நாள் ஒரே அறையில் கிடப்பது? மேஸ்திரி தயவில் யார்டு கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் கூவுகிற வேலை கிடைத்தது, அதுவும் சரக்கு நெரிகிற நாளில் மட்டும்.

டிசம்பர் வந்தபோது சுவார்த்தா கொட்டகையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏசியிலிருந்து இறங்கின சரக்கு, முன்னால் மலை மாதிரி. காம்பைக் கிள்ளி ஒரு பக்கம், காயை ஒரு பக்கம். முகத்தில் துணி கட்டியிருந்தாலும் தூள் உள்ளே போகும். பக்கத்துப் பெண்கள் முதலில் அவளை 'மேடம்' என்று கேலியாகக் கூப்பிட்டார்கள். பிறகு அதுவே பெயராகிவிட்டது. "மேடம், அந்த முறத்தை இப்படித் தள்ளு" என்பார்கள்.

திருப்பதம்மா கல்லூரி விட்டு அந்த வழியாக வந்தவள் கொட்டகை வாசலில் நின்று தும்மினாள். இரண்டாம் வருஷம். பாஸ். கல்யாணப் பேச்சு இன்னும் எடுக்கவில்லை.

"உள்ள வராத, யூனிபார்ம் எரியும்" என்றாள் மாணிக்கம்மா.

அவள் வந்து குந்தினாள். ஒரு கை மிளகாயை எடுத்துத் தானும் கிள்ளத் தொடங்கினாள். "மேடம், இன்னைக்குப் புது பேட்சுக்கு முதல் தாள் வச்சாங்க."

"எப்படி எழுதினாங்க?"

"ஆஞ்சநேயுலு சாரே வந்து நின்னாரு. தெரிஞ்சாலும் எழுதாதீங்க, எவனாவது பத்துக்கு மேல வாங்கினீங்கன்னா தோலை உரிச்சிடுவேன்னாரு. முந்தின நாளே எங்களைக் கூப்பிட்டு, ஜூனியருக்கு எப்படித் தப்பா எழுதறதுன்னு சொல்லிக் குடுங்கடான்னாரு."

"சொல்லிக் குடுத்தீங்களா?"

"நாகுல்மீராதான் குடுத்தான். எல்லாரும் ஒரே தப்பை எழுதித் தொலைக்காதீங்கடா, மாட்டிக்குவோம். ஆளுக்கு ஒரு தப்பா, நல்லாப் பரத்தி எழுதுங்கன்னான்."

சுவார்த்தாவின் கை நின்றது. பிறகு சிரித்தாள். முகத்துணி நழுவி விழச் சிரித்தாள். "அத்த, அவனுக்குப் பரவல் புரிஞ்சிருச்சு" என்றாள். "புரிஞ்சிருச்சு அத்த அவனுக்கு."

"அப்ப இந்த வருஷம் பிள்ளைங்க நல்லாப் படிச்சாங்கன்னு வருமா?" என்றாள் மாணிக்கம்மா.

"வரும். யூனிவர்சிட்டியிலயே அதிகமா ஏறினது இந்தக் காலேஜுன்னு வரும்."

சிரிப்பில் தூள் தொண்டைக்குள் போயிற்று. இருமினாள். இருமலோடு கண்ணில் தண்ணீர் வந்தது. யோசிக்காமல் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கொட்டகைக்குப் புதுசாக வந்தவர்கள் மட்டும் செய்கிற காரியம். அவ்வளவுதான், இரண்டு கண்ணும் நெருப்பாகிவிட்டது. குனிந்துகொண்டாள். திருப்பதம்மா பதறித் தண்ணீருக்கு ஓடினாள். பக்கத்துப் பெண்கள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

மாணிக்கம்மா மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கி மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தொடாத. துடைக்கத் துடைக்க எரியும். விடு, அதுவா நிக்கும்."